கரடிச் சட்டை

எங்கள் வீட்டில் காசு கொடுத்துத் துணி வாங்கும் வழக்கம் கிடையாது. பெருமாநல்லூரில் அப்பா கொஞ்சம் தையல் மெஷின்களைப் போட்டு எக்ஸ்போர்ட்காரர்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்தார். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, பக்கத்து டவுன் ராயபுரத்து எக்ஸ்போர்ட் முதலாளி ஒருவர், அப்பா தைத்த குழந்தைகள் சட்டை லாட் ஒன்றை மூட்டையோடு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். தையல் நிற்காதாம். கூலியும் வரவில்லை. 'தையல் நிற்காத ஆள்' என்ற பெயர் மட்டும் அப்பாவுக்கு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அவரை நம்பிப் பெரிய வேலை தரவில்லை.

கரடிப் படம் போட்ட அந்த மஞ்சள் சட்டைகள் மூட்டை மூட்டையாக வீட்டில் கிடந்தன. நான் வளர வளர மூட்டைக்குள் என் அளவும் காத்திருந்தது. கிழிந்தால் தரை துடைக்கலாம் என்று அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றுகூடக் கிழிகிற வழியைக் காணோம்.

ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சுப்போட்டி வைத்தார்கள். தலைப்பு, 'பூமியைக் காக்கும் எளிய பழக்கங்கள்'. கலர் டிரஸ்ஸில் வரலாம் என்றார்கள். எனக்குக் கலர் என்றால் மஞ்சள்தான். சிறப்பு விருந்தினர் யாரென்று பார்த்தால், அதே ராயபுரத்து முதலாளி. அப்பா அப்போது அவரிடமே ஓர் ஆர்டருக்காக நடையாய் நடந்துகொண்டிருந்தார். அது கிடைக்காவிட்டால் மெஷின்களை விற்க வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு. ஆகவே அன்று அப்பா முன்வரிசைக்குப் பக்கத்தில் இடம்பிடித்து, ஒரு கையால் அவரைக் கும்பிட்டுக்கொண்டு மறுகையில் செல்போனோடு என்னைப் படம் பிடிக்கத் தயாராக இருந்தார்.

என் முறை கடைசி. எனக்கு முன்னால் பேசியவர்கள் ஃபேனை அணைத்துவிட்டார்கள், மரக்கன்று நட்டுவிட்டார்கள், மஞ்சப்பை எடுத்துக்கொண்டு கடைக்கும் போய்வந்துவிட்டார்கள். எனக்கென்று ஒரு பழக்கத்தையும் மிச்சம் வைக்கவில்லை. மனப்பாடம் செய்ததையெல்லாம் விட்டுவிட்டு வாயில் வந்ததைப் பேசினேன்.

“ஒரு சட்டை செய்யறதுக்கு ஏகப்பட்ட தண்ணி செலவாகுதுங்க. அதனால எங்க ஊட்டுல புதுத்துணியே வாங்கறதில்லீங்க!”

கைதட்டினார்கள். முதலாளியும் சிரித்துக்கொண்டே தட்டினார். அத்துடன் இறங்கியிருக்கலாம். கைதட்டல் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. சட்டைக் கழுத்தை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினேன்.

“இது நம்ம சீஃப் கெஸ்ட் ஐயா தையல் நிக்காதுன்னு ரிஜெக்ட் பண்ணுன லாட்டுங்க. எங்கப்பா தெச்சது. மூணு வருசமா இதத்தான் போடறனுங்க. ஒரு தையல்கூட உடலீங்க!”

அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிகளில் தைக்கிறவர்கள். விசில் பறந்தது. “இன்னொருக்கா இழு கண்ணு!” என்று யாரோ கத்தினார். இழுத்தேன். அப்பா எடுத்த வீடியோ இன்னும் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பிறகு அதில் கூரையில் சுற்றும் ஃபேன் மட்டும்தான் தெரியும்.

முதல் பரிசு எனக்குத்தான். முதலாளி கோப்பையைக் கொடுத்துவிட்டு, என் தோள்பட்டைத் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

“ஏனுங்க, ஆர்டர் போச்சுங்களா?” என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா கேட்டாள். “அதுதான் இழுத்து இழுத்துக் காட்டீட்டாளே” என்றார் அப்பா.

மறுநாள் காலையில் ராயபுரத்திலிருந்து போன் வந்தது. அப்பா சாமி கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார். மத்தியானம் ஆர்டரோடு வந்தார். முதலாளி எனக்குக் கொடுத்தனுப்பிய புது கவுன் ஒன்றும் கையில் இருந்தது. புதுத்துணி வேண்டாம் என்று நேற்றுத்தான் ஊருக்கே சொன்னவள் இனி எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது? எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை.

“அந்த லாட்டப் பத்தி ஏதாச்சும் சொன்னாருங்களா?” என்றாள் அம்மா.

“வெளிநாட்டுக்காரன் அன்னைக்கு ஆர்டரக் கேன்சல் பண்ணிப்போட்டானாமா. பழி போட ஆள் வேணுமில்ல, நம்ம தலைல போட்டுட்டாராமா. தையல்ல ஒண்ணுமே இல்லைன்னு அவரு வாயாலயே சொல்லீட்டாரு.”

சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு முகம் கழுவப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய் ஓடுகிறது, ஓடுகிறது, நிற்கவே இல்லை. பரிசு வாங்கியவள் சும்மா இருக்க முடியுமா? கதவைத் தட்டினேன்.

“அப்பா, தண்ணி வீணாப் போகுது! குழாய மூடுங்க!”

அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். “உடு கண்ணு, இன்னைக்கு ஒரு நாளைக்கு ஓடட்டும்” என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. வீணாகிற தண்ணீரை நினைத்துத்தான் அவளும் வருத்தப்படுகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.