இருபதாவது கையெழுத்து

சிட்னியில் பல்கலைக்கழகத்தின் கடைசி வருடம், எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நான்தான் தலைவி. சங்கம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் இருபது மாணவர்களின் கையெழுத்துச் சேராவிட்டால் பதிவை ரத்துச் செய்துவிடுவோம் என்று மாணவர் ஒன்றியம் கடிதம் அனுப்பியிருந்தது.

ஆள் குறைந்ததற்குக் காரணம் எங்கள் வாளி. புதிதாகச் சேர்பவர்கள் முழங்காலில் நின்று, பெட்டி வைனும் வோட்காவும் பச்சைக் கோர்டியல் சர்பத்தும் கலந்ததை வாளியோடு குடிக்க வேண்டும். நானும் குடித்தவள்தான், அதில் பெருமை வேறு. அம்மா தன் பல்கலைக்கழகக் காலத்து ராகிங்கை, அந்தப் பகிடிவதையைச் சொல்லித் திட்டும்போது, இது வேறு, இது ஜாலி என்பேன். இப்போது வருகிற பிள்ளைகளோ குடிப்பதே இல்லை. வாளியின் புகழ் பரவி, எங்கள் மேசையைக் கண்டதும் ஒதுங்கிப் போனார்கள்.

வெள்ளி பிற்பகல் மூன்று மணி ஆகியும் பதினெட்டுக் கையெழுத்துத்தான். நானும் எங்கள் செயலாளரான கோயம்புத்தூர்க்காரனும் கன்டீன் மைக்ரோவேவ் வரிசைக்கு ஓடினோம். சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தே தமிழரைக் கண்டுபிடிப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

"அங்க பாரு, புட்டு. கண்டிப்பா நம்ம ஆளு" என்றான்.

புட்டுக்காரன் மலையாளி. அதனாலென்ன என்று அவனிடமும் கையெழுத்து வாங்கினோம். பத்தொன்பது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அவனுக்குப் பின்னால் நின்றவளைக் கண்டதும்தான் அடங்கினேன். டூங்கபி என்கிற புறநகரிலிருந்து வருகிற பெண். போன வருடம் வாளியைப் பிடித்து அவளைக் குடிக்க வைத்தது நான்தான். அன்று வாந்தி எடுத்துவிட்டுப் போனவள், பிறகு சங்கத்தின் பக்கமே வரவில்லை.

விசயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த வாளி இன்னும் இருக்கோ அக்கா?"

"காருக்குள்ள கிடக்கு."

"அப்ப எடுங்கோ. நீங்கள் குடிச்சா நான் சைன் வைக்கிறன்."

கார் நிறுத்துமிடத்தில் முழங்காலில் நின்றேன். அவள் தன் சுடுதண்ணீர்ப் போத்தலில் இருந்த ரசத்தை வாளிக்குள் ஊற்றி, கன்டீனில் எடுத்துவந்த மிளகாய் சோஸையும் பிழிந்தாள். வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்திருந்த மலையாளி கைதட்டினான். ரசம் மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் ஓட, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவ்வளவு சுலபமாகச் சமாதானமாகிவிட்டோமே என்று சந்தோசம் தலைக்கேறியது. தாளைக் காரின் மேல் விரித்துப் பேனையை நீட்டினேன்.

சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள்.

"அண்டைக்கு நானும் இப்பிடித்தான் சிரிச்சனான் அக்கா. பயத்தில. நீங்கள் எல்லாரும் சுத்தி நிண்டனீங்கள்."

சொன்னபடி கையெழுத்து வைக்கக் குனிந்தாள். எனக்கு வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வேண்டாம், விடு" என்று தாளை இழுத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூர்க்காரன் என்னை முறைத்தான். நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வேறு யாரையும் தேடி நான் ஓடவில்லை.