அரை வாட்டின் நோட்டுப் புத்தகம்

மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப்பெட்டி பழுது பார்க்கும் அந்த மனிதரைத் தெருவில் இப்போதெல்லாம் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அரை வாட் என்றால்தான் தெரியும். கடையின் பின்னறையில், பிஸ்கட் டப்பாவுக்குள் அவரே பற்றவைத்துச் செய்த ஒலிபரப்புக் கருவி ஒன்று இருந்தது. அதன் சக்தி அரை வாட். மொட்டைமாடியில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் ஏரியல் கம்பி. நாலு தெரு தாண்டினால் அதற்கு மூச்சு வாங்கிவிடும். ஆளும் ஒல்லி என்பதால் பேர் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

நாலு தெரு அவருக்குத் தாராளம். அக்கா வீடு மூன்றாவது தெருவில்தான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் அக்கா இவர் வீட்டுக்கு வந்தவள், தலை சுற்றுகிறது என்றாள். வெயில்தான், கொஞ்சம் படு என்று இவர் ஃபேனைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். மூன்று மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. இன்னும் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். அக்காவுக்குக் கையும் போயிற்று, காலும் போயிற்று, பேச்சும் போயிற்று. அக்கா மகன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"மாமா, இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க."

அரை வாட் அதற்கப்புறம் அந்தப் படியை மிதிக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு மிதிப்பது?

டப்பாவுக்குள் கருவி முளைத்தது அதற்கப்புறம்தான். அக்கா மகன் வேலைக்குக் கிளம்பியதும், அவன் மனைவி மாமியாரின் தலைமாட்டில் இருக்கும் ரேடியோவைப் போட்டு முள்ளைத் திருப்பிவைப்பாள். புருஷனுக்குத் தெரியாமல் அவள் செய்த புண்ணியம் அது. சரியாகப் பத்து மணிக்கு அரை வாட் பேப்பர் படிக்க ஆரம்பிப்பார். அக்காவுக்குப் பிடித்த வரிசை: முதலில் காலமானார் பக்கம், பிறகு ஊர்வம்பு, கடைசியில் ராசிபலன். பலன் மோசமாக இருந்தால் நல்லதாக மாற்றிப் படித்துவிடுவார். பத்தரைக்கு முடியும்.

இளவயசில், பொழுதுபோக்காக வானொலிக் கருவியில் மற்றவர்களோடு பேசுவதற்கான ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியவர் அவர். கருவியைத் தொட்டால் நேரம், அலைவரிசை எல்லாம் நோட்டில் குறிக்க வேண்டும் என்று அப்போது சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பல் தேய்ப்பது மாதிரி அது பழகிப்போயிருந்தது. மூன்று வருடத்தில் ஒருநாள்கூடக் குறிக்காமல் விடவில்லை. 'ராசிபலன் மாற்றப்பட்டது' என்பதுகூட உண்டு.

பயம் மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அனுமதியில்லாத ஒலிபரப்பு என்று என்றைக்காவது பிடித்துவிட்டால் அக்காவுக்கு அதுவும் இல்லாமல் போய்விடுமே. அதனால் முறைப்படி அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். அனுபவத்துக்குச் சான்று இணைக்கவும் என்று படிவத்தில் இருந்தது. மனுஷன் நோட்டுப் புத்தகத்தையே இணைத்துவிட்டார்! விஷயம் தெரிந்ததும் அவர் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தப்பு பண்ணேன்னு யாராவது தேதி போட்டு எழுதிக் குடுப்பாங்களா?"

இரண்டாம் வாரம் அனுமதி கொடுக்கும் இலாகாவிலிருந்து அதிகாரி ஒருவர் கடைக்கு வந்தார். தன்மையான மனிதர், அதுதான் இன்னும் கொடுமை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருக்கலாம். ஸ்டூலில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். ஒலிபரப்பு அனுமதி நிறுவனங்களுக்குத்தான், தனி ஆளுக்குக் கிடையாது. கருவியைச் சோதித்த சான்றிதழ் வேண்டும். சோதிக்க வேண்டுமென்றால் அதை ஓட்ட வேண்டும், அனுமதியில்லாமல் ஓட்டினால் குற்றம். இதற்கு எந்தப் பக்கம் வாசல் என்று அரை வாட்டுக்குப் புரியவில்லை. ஹாம் உரிமம்தான் இருக்கிறதே என்று கேட்டுப் பார்த்தார்.

"அது ரெண்டு பேர் பேசிக்கறதுக்கு சார். எதிர்ப்பக்கம் இருக்கறவங்களும் உரிமம் வச்சு, பதில் பேசணும். நீங்க மட்டும் பேசினா அது ஒலிபரப்பு."

"அவங்களால பேச முடியாதுங்க."

அதிகாரி கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டினார். ராசிபலன் வரி கண்ணில் பட்டிருக்க வேண்டும், பக்கத்தைத் திருப்பாமல் அப்படியே இருந்தார். அப்புறம் டப்பாவைத் துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்தார். நோட்டையும் எடுத்துக்கொண்டார். எடுத்ததற்கு ரசீது கொடுத்தார்.

மறுநாள் காலை அரை வாட்டுக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூன்றாவது தெருவுக்கு நடந்தார். அக்கா வீட்டுக்கு எதிர்ச்சாரியில், மின்கம்பத்தை ஒட்டி நின்றார். நேற்று நடந்ததை அந்த வீட்டுக்குச் சொல்ல அவருக்கு வழியில்லை. அங்கே இருப்பது ஒரே போன், அது அக்கா மகன் கையில் இருக்கும்.

பத்து மணிக்கு ஜன்னலுக்குள் ரேடியோ போடும் சத்தம் கேட்டது. வெறும் இரைச்சல். முள்ளைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். பிறகு பழைய இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. பத்தடி தூரம்தான், குரலை உயர்த்தினால் போதும். அவர் வாசப்படியைப் பார்த்தபடி நின்றார்.

பத்தரைக்கு ரேடியோவை அணைத்தார்கள்.