சும்மா என்று சொன்ன விரல்கள்

வகுப்பறையில் கரும்பலகையை ஒட்டிக் கிடக்கும் நாற்காலி செல்லக்கனியுடையது. ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, பிள்ளைகளைப் பார்த்தபடி அதில் உட்காருவாள். வாத்தியார் பேசப் பேச, அதே சொற்களை ஓசையின்றி உதட்டால் சொல்லி, கன்னத்தருகே விரல்களைக் காட்டுவாள். 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். எது என்பதை விரல்தான் சொல்லும். முதல் பெஞ்சில் இருக்கும் கூமாப்பட்டி வெள்ளத்தாய்க்குக் காது கேட்காது. பத்தாம் வகுப்புவரை அவளைக் கொண்டுவந்து சேர்த்தவை அந்த விரல்கள்.

1995 அக்டோபரில் செல்லக்கனியின் திறமையைச் சோதிக்க மதுரையிலிருந்து ஆவுடையம்மாள் வந்தார். தேறாவிட்டால் நாற்காலி போய்விடும். வெள்ளத்தாய் ஊமைப்படம் பார்ப்பதுபோல உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"காதுல விழுற அம்புட்டும் அவ கண்ணுக்குப் போகணும். வேணும் வேண்டாம்னு பிரிக்க உனக்கு அதிகாரம் கிடையாது," என்றார் ஆவுடையம்மாள்.

அறிவியல் வாத்தியார் சுப்புராஜின் கேலிகளைச் செல்லக்கனி ஒருநாளும் காட்டியதில்லை. வகுப்பு சிரிக்கும்; என்னவென்று வெள்ளத்தாய் புருவம் உயர்த்துவாள்; 'சும்மா' என்று இவள் காட்டிவிடுவாள்.

அடுத்த வாரம் சூரிய கிரகணம் வரவிருந்தது. அன்றைய அறிவியல் வகுப்பில் ஆவுடையம்மாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செல்லக்கனியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுப்புராஜ் படம் போட்டு, நிலாவின் நிழல் பூமியில் விழுவதை அழகாகவே விளக்கினார். விரல்கள் பிசகாமல் ஓடின. பிறகு சாக்பீஸை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இதெல்லாம் பரீட்சைக்கு. கிரகணத்தன்னைக்கு மாசமா இருக்கவ வெளிய வரப்படாது. இந்தா, வெள்ளத்தாயோட ஆத்தா வந்திருப்பா. அதான் பிள்ளைக்குக் காது அவிஞ்சுபோச்சு."

வகுப்பு சிரித்தது. அறிவியல் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்கும் வாய்தான் அதைச் சொன்னது. செல்லக்கனியின் கை அந்தரத்தில் நின்றது. வெள்ளத்தாயின் புருவம் உயர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, ஒரு சொல் விடாமல் காட்டினாள்.

வெள்ளத்தாயின் முகம் சுண்டிப்போனது. எழுந்து, ஏற்ற இறக்கமில்லாத தன் குரலில் கேட்டாள்:

"சார், நெலாவோட நெழலு எங்காத்தா வயித்துக்குள்ள எப்படி சார் போச்சு?"

வகுப்பு மறுபடியும் சிரித்தது, இந்தத் தடவை சுப்புராஜைப் பார்த்து. தான் போட்ட படத்திடமே பதில் கேட்பவர்போல அவர் திரும்பி நின்றார். "உக்காரு, உக்காரு" என்று முணுமுணுத்தார். செல்லக்கனி அதையும் காட்டினாள்.

வராந்தாவில் ஆவுடையம்மாள், "தேறிட்ட. ஆனா கை செத்த நேரம் நின்னுச்சே, அதுக்கு மார்க்கைக் குறைச்சிருக்கேன்," என்றார்.

"குறைங்கம்மா."

வெள்ளத்தாய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, இம்புட்டு நாளும் சும்மா, சும்மான்னது இதானா?"

'ஆமா' என்று காட்டினாள் செல்லக்கனி. பிறகு பஸ்ஸை விட்டுவிட்டு, இதுவரை தான் விழுங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினாள்.