செத்த பூனையை உண்ண மறுத்த விதம்

கனடாவுக்கு வருமுன் நான் யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றின் உப அதிபர், கலைமாணிப் பட்டதாரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நண்பரே. பின்னால் வருவது பேக்கரிக் கதை.

சென்ற வாரம் ஸ்காபரோவின் மில்லிக்கன் பகுதியில் ஒரு பிளாசாவைக் கடந்தபோது வெண்ணெயும் சீனியும் வேகும் வாசம் வந்தது. தொண்ணூறுகளில் நான் வேலை செய்த ஹொங்கொங்காரரின் பேக்கரியில் எழும் அதே வாசம். அங்கே பணிஸ் அடுக்கும் மேசையில் எனக்கு எதிரே நின்றவர் திருமதி லாம். ஹொங்கொங் மொழியான கன்டனீஸின் மரபுத்தொடர்கள் இல்லாமல் அவருக்குப் பேச வராது. தட்டொன்று விழுந்தாலும், "வானம் விழுந்தால் போர்வையாக்கிப் போர்த்துக்கொள்வோம்" என்பார். இலக்கணம் படிப்பித்தவனுக்கு அந்த ஆடம்பரம் பிடித்துப்போயிற்று. கூட வேலை செய்த ராசன்தான் கேலி செய்வான்.

"சேர், உதையெல்லாம் பாடமாக்கி எந்தச் சோதினை எழுதப் போறியள்?"

"நீ பேசாமல் பெட்டியைக் கட்டு."

மா பிந்தி வந்த ஒரு நாள், 'இடி விழுந்து பிளக்க' என்ற கன்டனீஸ் தொடரை மா கொண்டுவந்த சாரதியை நோக்கி வகுப்பறைக் குரலில் முழங்கினேன். திருமதி லாம் அரை ஆங்கிலத்தில் விளக்கினார்: அது துரோகத்துக்குரிய சொல், தாமதத்துக்கல்ல. மேலும், பெரிய சொல்லைச் சிறிய குரலில் சொல்லவேண்டும். தலையையும் சற்றுத் தாழ்த்தினால், கேட்பவர் மானத்தோடு பின்வாங்க வழியிருக்கும்.

அவ்வருடமே குளிரறைக் கதவு திறந்து கிடந்து, கலியாணக் கேக்குகள் பழுதாயின. நான்தான் பூட்டாமல் விட்டேன் என்று மனேஜர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். வேலை போவது பெரிதல்ல. பொறுப்பற்றவன் என்ற பெயர் எங்கள் சனம் நிறைந்த ஸ்காபரோ முழுவதும் போய்ச் சேர்ந்துவிடும். நானோ கதவை அழுத்திப் பூட்டியிருந்தேன். நாம் 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்போம். செய்யாத குற்றத்தை ஏற்பதைக் கன்டனீஸ்காரர் செத்த பூனையை உண்பது என்பார்கள்.

தலையைத் தாழ்த்தி, அவருக்கு மட்டும் கேட்கும்படி கன்டனீஸில் சொன்னேன்: "இந்தச் செத்த பூனையை நான் உண்ண மாட்டேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தாமே போய்க் கதவைப் பூட்டிப் பார்த்தார். கொளுக்கி தேய்ந்திருந்தது, பூட்டிய கதவு மெல்லத் திறந்துகொண்டது. வேலையைத் தொடரும்படி கையசைத்தார்.

திருமதி லாம் பின்னர் வன்கூவருக்குப் போய்விட்டார். பேக்கரி மூடப்பட்டு, அவ்விடத்தில் கைத்தொலைபேசிக் கடை வந்துவிட்டது. அந்தத் தொடர்களை என்னோடு பேச இன்று எவருமில்லை. நிலைத்தது, தூரத்தில் நின்று பார்த்த ராசன் கலியாண வீடுகளில் பரப்பிய கதைதான்: "சேர் மனேஜற்ர காலைப் பிடிக்காத குறையா அழுதெல்லோ வேலையைக் காப்பாத்தினவர்!"

நான் அழவில்லை. கெஞ்சவுமில்லை. மறுத்தேன்.