ஏழு வீட்டுக்கு ஒரு தண்ணீர் மீட்டர்

கண்டிக்குப் போகிறேன் என்றால் எல்லோரும் தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் பற்றியே கேட்கிறார்கள். நான் அந்த ஊரில் பள்ளிக்கூடம் படித்தவள். இரண்டையும் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாகிவிட்டது. இந்தப் பெப்ரவரியில் நான் போனது பன்வில மலைப்பக்கம் ஒரு நாள் சுற்றிவிட்டு, மிச்ச நாட்களில் பள்ளித்தோழி சாந்தியின் வீட்டில் சும்மா இருந்து சாப்பிடுவதற்காக. தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. மலைப் படங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயில். இரண்டாம் வகுப்பு டிக்கெட் ஐந்நூறு ரூபாய். போகும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், கடுகண்ணாவைக்கு ஏறும்போது பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். பத்து மணிக்குள் கண்டி. நிலையத்து வாசலில் த்ரீவீல்காரரிடம் இடத்தைச் சொன்னேன். முந்நூற்றைம்பது, மேட்டுக்கு என்பதால் ஐம்பது கூட என்றார். திரும்பும்போது இறக்கம்தானே, அதைக் கழியுங்கள் என்று வாதாடிப் பார்த்தேன். மனுஷர் சிரித்தாரே தவிர அசையவில்லை.

சாந்தி இருப்பது நகரத்துக்கு மேலே, ஒரு சந்துக்குள் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஏழு வீடுகளில் ஒன்றில். கணவர் பாலு டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறார். இரண்டு மகன்மார். ஆறு மாதமாகப் பாலுவின் தங்கை ஜீவாவும் தன் இரண்டு பிள்ளைகளோடு அங்கேதான். புருஷன் வீடு வேண்டாம் என்று வந்துவிட்டவள். அரிசி மூட்டையும் பழைய சாமானும் இன்னமும் கிடக்கிற பின்னறையில் மூன்று பேரும் படுக்கிறார்கள். அந்த அறைக்குச் சமையலறைப் பக்கம் ஒரு கதவு, பின் சந்துப் பக்கம் ஒரு கதவு.

நான் பையை வைத்த கையோடு சாந்தி தண்ணீர் பில்லைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். ஏழு வீட்டுக்கும் சேர்த்துச் சந்து முனையில் ஒரே மீட்டர். இதில் என்ன பெரிய விஷயம் என்று நானும் கேட்டேன். விஷயம் இதுதான். தண்ணீரை அலகு கணக்கில் விற்கிறார்கள், ஓர் அலகு ஆயிரம் லீட்டர். மாதத்தின் முதல் சில அலகுகள் மலிவு. அதற்குமேல் போகப் போக ஒவ்வொரு படியிலும் விலை ஏறும். கொஞ்சமாகப் பாவிக்கிற ஏழைக்குக் குறைய, காருக்கும் புல்லுக்கும் அடிக்கிற பங்களாவுக்குக் கூட. நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஏழு வீட்டுத் தண்ணீரும் ஒரே மீட்டருக்குள் ஓடும்போது, கணக்கில் அது ஒரே ஒரு பெரிய வீடு. மலிவு அலகுகள் மாதம் பிறந்த உடனேயே தீர்ந்துவிடும். மிச்சம் முழுக்கப் பங்களா விலை. அந்தச் சந்தில் ஒருவரிடமும் சைக்கிள் கூடக் கிடையாது.

வருகிற பில்லை இதுவரை வீட்டுக்கு இவ்வளவு என்று ஏழாகப் பிரித்து வந்தார்கள். கடைசி வீட்டில் தனியாக இருக்கிற சின்னப்பன், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், இப்போது அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒற்றை ஆள் நான், ஏழு பேர் இருக்கிற வீட்டுக்குச் சமமாக ஏன் கட்ட வேண்டும், தலைக்கு இவ்வளவு என்று பிரியுங்கள் என்கிறார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஏழு பேர் வீடு என்று அவர் சொன்னது சாந்தியின் வீட்டை. அதில் மூன்று தலை ஜீவாவும் பிள்ளைகளும். சாந்தி இதை என்னிடம் சொன்னபோது ஜீவா பின் சந்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். குழாயைத் திறந்ததும் மூடியதும் எனக்கே கேட்டது என்றால் சாந்தி பேசியது அவளுக்குக் கேட்காமலா இருக்கும்?

செவ்வாய் பன்வில. கண்டியிலிருந்து வத்தேகம வழியாகப் போகிற பஸ், சுமார் இருபது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. ஜீவாவும் என்னோடு வந்தாள். அவள் புருஷன் ஊர் அதுதான். பிள்ளைகளைக் கண்டியில் சேர்ப்பதற்கு, அவர்கள் படித்த பள்ளியில் விடுகைப் பத்திரம் வாங்க வேண்டியிருந்தது. வத்தேகம தாண்டியதும் இரண்டு பக்கமும் தேயிலை, தூரத்தில் நக்கிள்ஸ் மலை. மழைக்காலம் முடிந்த சமயம் என்பதால் மலை உச்சி வரை தெளிவாகத் தெரிந்தது. பயணம் போகிறவர்களுக்கு இந்த வழியைத் தாராளமாகச் சொல்வேன்.

பஸ்ஸில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அண்ணி மேல் கோபமா என்று கேட்டுவிட்டேன். ஜீவா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"அண்ணிய நான் குறை சொல்ல மாட்டேன் அக்கா. வேற வீடுன்னா மொத மாசமே வெரட்டியிருப்பாங்க. ஆனா தலைக்கு இவ்வளவுன்னு பிரிச்சாங்கன்னா, மாசாமாசம் எனக்கும் புள்ளைங்களுக்கும் ஒரு விலை வரும். இப்ப நாங்க பாரம்னு யாரும் வாய் விட்டுச் சொல்லல. பில்லு வந்துச்சுன்னா அது சொல்லும். அதுக்கப்புறம் அங்க எப்படி இருக்க?"

அவள் ரவிக்கை தைத்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறாள். வாடகைக்கு வீடு எடுக்க அது பற்றாது. அவளுக்கு எனக்குத் தெரிந்து வேறு போக்கிடம் இல்லை. பத்திரத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தபோது, பன்விலக்குத் திரும்புகிற கதவையும் அவளே சாத்திவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. கடைத்தெருவில் பால் விடாத பிளேன்டீ குடித்தோம். மலையில் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நகரத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம். தண்ணீர்க் கட்டணத்தை மாற்றுவதற்கு முன், பாவிக்கிறவர்களின் கருத்தைக் கேட்கிறார்களாம். வேலையில்லாத நானும் சாந்தியோடு போய் உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சினிமாவுக்குப் போயிருந்தால்கூட இவ்வளவு ஊன்றிப் பார்த்திருக்க மாட்டேன். ஆற்றில் தண்ணீர் எடுத்து, சுத்தம் பண்ணி, மலைமேல் தாங்கிகளுக்கு ஏற்றுகிற செலவை முதலில் ஒரு பொறியியலாளர் விளக்கினார். மின்சாரம், மருந்து, சம்பளம், பழைய குழாய்களில் ஒழுகி வீணாகிறது, எல்லாம் சேர்ந்து ஒரு மொத்தம். அந்த மொத்தம் எப்படியும் வந்தாக வேண்டும். யாரிடமிருந்து எவ்வளவு என்பதுதான் கேள்வி என்றார்.

அதற்குப் பிறகு ஆளாளுக்குத் தங்கள் பங்கை அடுத்தவர் தலையில் கட்டப் பார்த்தார்கள். ஹோட்டல்காரர் சுற்றுலாப் பயணிகள் குறைவு என்றார். லோண்டரிக்காரர் தண்ணீர்தான் என் முதல் என்றார். ஏரிக்கரைப் பக்கத்துக் கனவான் ஒருவர், மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றுகிற கரண்டுக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டார். த்ரீவீல்காரர் என்னிடம் சொன்ன அதே நியாயம். மேட்டில் இருக்கிற ஒரு பெண் எழுந்து, கீழே காணி வாங்க வசதியிருந்தால் நாங்கள் ஏன் அங்கே ஏறுகிறோம் என்றாள். யார் சொன்னதும் பொய் இல்லை. அதுதான் எனக்குத் தலையைச் சுற்றியது.

அடுத்து சாந்தி எழுந்தாள். சிங்களத்தில் ஆரம்பித்து நடுவில் தமிழுக்கு வந்து, ஏழு அடுப்பு எரிகிற இடத்தை ஒரு வீடு என்று எண்ணுவது சரியா என்று கேட்டாள். மேடையில் கொஞ்ச நேரம் குசுகுசுத்தார்கள். பிறகு பதில் வந்தது. இப்படியான மீட்டர்களுக்குப் புதிய ஏற்பாடு ஒன்றை யோசிக்கிறார்கள். எத்தனை வீடு என்று நேரில் பார்த்து எழுதுவார்கள், அத்தனை வீட்டுக்கும் மலிவு அலகுகள் கிடைக்கும். தனி வாசலும் தனிச் சமையலும் இருந்தால் அது ஒரு வீடு. எங்கள் பக்கத்துச் சந்துகளைத்தான் முதலில் பார்க்கப் போகிறார்கள், வெள்ளிக்கிழமை ஆள் வரும்.

அன்று மாலை சாந்தி வீட்டு வாசலில் சந்தே கூடிவிட்டது. வீடு கூடக் கூட எல்லோருக்கும் மலிவு என்பது எல்லோருக்கும் பிடிபட்டதும், ஏழுதானா, இன்னொன்று தேறாதா என்று யோசனை போயிற்று. பின்னறைக்கு வெளிக்கதவு இருக்கிறதே என்று முதலில் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? சின்னப்பன்தான். நேற்று வரை அந்த மூன்று தலையை எண்ணிக்கொண்டிருந்தவர். அதுவரை ஜீவாவின் பெயரை ஒழுங்காகச் சொல்லாதவர்கள்கூட, ஜீவா தங்கச்சி, ஜீவா மகள் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் ஓர் அடுப்பைப் பின்னறையில் வைத்தால் போதும் என்று சாந்தி சொன்னாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கலாம், ஆள் வந்து போனதும் கொடுத்துவிடலாம். பாலுவுக்கு அது பிடிக்கவில்லை. யாரும் ஜீவாவைக் கேட்கவில்லை. அவள் எழுந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கப் போனாள்.

வியாழக்கிழமை காலை அவள் என்னிடம், பிலிமத்தலாவை வரைக்கும் வாறீங்களா அக்கா என்று கேட்டாள். கண்டியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், கொழும்பு வீதியில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, முக்கால் மணி நேரம். பித்தளைச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் ஊர், குத்துவிளக்கு வாங்குகிறவர்கள் இங்கே இறங்கலாம். நாங்கள் வாங்கியது ஒற்றை காஸ் அடுப்பும் சின்ன சிலிண்டரும் இரண்டு சட்டியும். ஒரு நாள் வேடத்துக்கு எதற்குச் சொந்தக் காசு என்று நான் கேட்டேன். ஜீவா கடைக்காரரிடம் அடுப்பை இரண்டு தரம் பற்ற வைத்துக் காட்டச் சொன்னாள்.

வெள்ளி பதினொரு மணிக்கு வந்த அலுவலர் அலவத்துகொடக்காரர், நடுத்தர வயது, தொப்பி போட்டவர். முதலாவது வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக வாசலையும் அடுப்பையும் பார்த்து வந்தார். சந்து முழுக்கப் பின்னால் வந்தது. பின்னறையில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது, ஜீவா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவர் புது அடுப்பைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த கடை லேபலையும் பார்த்தார்.

"நீங்க இங்கயா சமைக்கிற?" என்று கேட்டார்.

ஆமாம் என்று மட்டும் சொல்லு என்று சாந்தி என் காதில் முணுமுணுத்தாள், ஜீவாவுக்குக் கேட்கும் என்பதுபோல.

"இன்னைக்குத்தான் சார் மொதல் சமையல்," என்றாள் ஜீவா. "நேத்து வரைக்கும் அண்ணி சமையல்தான். இனிமே இங்கதான். நீங்க எட்டுன்னு எழுதினாலும் சரி, எழுதாட்டியும் சரி."

பின்னால் யாரோ ஐயோ என்றார்கள். பாலு தலையைக் குனிந்துகொண்டார். அலுவலர் கையிலிருந்த தாளை மேலும் கீழும் படித்தார்.

"எப்பயிருந்து சமைக்கிற எண்டு இதுல கேட்டில்ல. கதவு ஈக்கி, அடுப்பு ஈக்கி. அடுத்த மாசமும் வந்து பாப்பேன், அப்பயும் அடுப்பு எரியோணும்," என்றார். அவர் ஊர் முஸ்லிம்களின் பேச்சில் ஈக்கி என்றால் இருக்கிறது. எட்டு என்று எழுதிவிட்டுப் போனார்.

சந்து முழுக்கச் சந்தோஷம். சாந்தி மட்டும் உள்ளே போய்விட்டாள். போய்ப் பார்த்தால், வழக்கம்போல ஏழு பேருக்கும் எனக்கும் சேர்த்து உலையில் அரிசி போட்டு வைத்திருந்தவள், பானைக்கு முன்னால் நின்று அழுகிறாள். "ஒரு நாளைக்குன்னுதானே சொன்னேன். நானா அவளைத் தனியா போகச் சொன்னேன்?" என்று என்னைக் கேட்டாள். இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும். அன்று மத்தியானம் நான் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டேன், அதன் பலனை மாலை வரை அனுபவித்தேன்.

உங்களுக்கு உதவுகிற இரண்டொரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பன்வில போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள், பிற்பகலில் மலையை மேகம் மூடிக்கொள்ளும், திரும்புகிற பஸ்ஸும் குறைவு. கண்டியில் மேட்டுப்பக்கம் தங்கினால் குளிக்கிறபோது ஒரு வாளியோடு நிறுத்தப் பழகுங்கள், அந்தத் தண்ணீர் அங்கே ஏறி வந்த செலவை நான் மண்டபத்தில் கேட்டுவிட்டேன். ஒரே மீட்டரில் பல குடும்பமாக இருக்கிறவர்கள் உங்களுக்குள் சண்டை பிடிப்பதற்கு முன்னால், உங்களை எத்தனை வீடாக எண்ணுகிறார்கள் என்று உங்கள் ஊர் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். எங்கள் ஆட்கள் அதைக் கேட்க எத்தனையோ வருஷம் எடுத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை ரயிலுக்குக் கிளம்புமுன் ஜீவாவின் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டார்கள். சமையலறைப் பக்கத்துக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், அந்தக் கதவை இதுவரை யாரும் தட்டியதில்லை. ஜீவா எழுந்து போய்த் திறந்தாள். சாந்தி அரிசி அளக்கிற சுண்டோடு நின்றாள்.

"அரிசி எடுக்கணும். வரட்டுமா?" என்றாள்.

"வாங்க அண்ணி. டீ ஊத்தட்டா?"

சாந்தி உள்ளே வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தாள்.