சம்பந்தியம்மாவின் மங்கிய முகம்

எங்கள் ஊர் அத்பாஷியில் கல்யாணமோ தொட்டில் விருந்தோ, கனிஷாயைக் கூப்பிடாமல் யாரும் ஆட்டை அறுக்க மாட்டார்கள். பகலில் அவள் பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். சனி, ஞாயிறுகளில் கேமராக்காரி. வாய் கொஞ்சம் நீளம். “சிரிக்காதவங்க பின்வரிசைக்குப் போங்க” என்று ஊர்ப் பெரியவர்களையே விரட்டுவாள். படம் எடுப்பதில் கெட்டிதான். ஆனால் எடுத்த படத்தை இணையத்தில் போடுவதில் அவளுக்கு இருந்த அவசரம் பந்தயக் குதிரைக்குக்கூடக் கிடையாது.

தம்பி மெதெரின் கல்யாணத்துக்குத் தலாஸ் ஊரிலிருந்து பெண்வீட்டார் வந்து, விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது எடுத்த படம்தான் வினையாக முடிந்தது. கேமராவில் அது பளிச்சென்று இருந்தது. கனிஷாய் அதை, சேமிக்கும்போதெல்லாம் தரம் குறையும் ஜேபெக் கோப்பாக்கி, வெளிச்சம் கூட்டிச் சேமித்தாள். திருப்தி வராமல் திறந்து, இன்னும் கூட்டி மறுபடி சேமித்தாள். பிறகு கைபேசிக்கு மெசேஜில் அனுப்பி, அங்கிருந்து ஊரே படம் போடுகிற தளத்தில் ஏற்றினாள். ஒவ்வொரு படியிலும் படம் கொஞ்சம் உயிரை விட்டது. மிச்சத்தைத் தளம் தன் பங்குக்குக் கசக்கிப் பிழிந்தது. பெண்ணின் அம்மா சால்கினின் முகம் வெயிலில் வைத்த வெண்ணெய் போல வழிந்திருந்தது.

கல்யாணமான பெண் தாய்வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டு வருவது வழக்கம். மெதெரின் மனைவி அய்சிரெக்கும் போனாள். போனவள் திரும்பவில்லை. சால்கின்தான் போனில் பேசினாள்.

“ஊரே பாக்குற எடத்துல என் மூஞ்சிய இப்படிப் போட்டிருக்கீங்க. தெளிவா போடுங்க, பொண்ணு வருவா. முழுப் படமா வேணும். வெட்டினது வேணாம்.”

மெதெர் அக்காவிடம் ஓடி வந்தான். “உன் ஒரு படத்தால நான் தனியா முட்டை பொரிச்சுத் தின்னுட்டு இருக்கேன்கா.”

“பெரிய சோகம்தான். உப்பாவது சரியா போடுறியா?” என்றாள் கனிஷாய். ஆனாலும் உடனே கணினியைத் திறந்தாள்.

பிஎன்ஜியாக மாற்றினால் ஒன்றும் கெடாது என்று யாரோ சொன்னார்கள். அத்பாஷி இணையத்தில் அது ஏறி முடிவதற்குள் மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு, தின்றும் முடித்துவிட்டாள். ஏறிய படத்தைத் தளம் தானாகவே ஜேபெக்காக்கி, மறுபடி பிழிந்தது. ஜிஃப்பாகப் போட்டாள். அதில் நிறங்களுக்குப் பஞ்சம். சால்கினின் கன்னம் திட்டுத் திட்டாகி, அம்மை போட்டதுபோல் ஆனது. அதைச் சட்டென்று அழித்தாள்.

கடைசியில்தான் விஷயம் பிடிபட்டது. தளத்துக்கு ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டி வருவதைத்தான் அது முரட்டுத்தனமாகச் சுருக்கும். கேமராவிலிருந்த மூலப் படத்தை எடுத்து, அந்த அளவுக்குத் தானே பக்குவமாகச் சுருக்கி, ஒரே ஒரு முறை சேமித்தாள். கண் இமை மயிரைக்கூட எண்ணலாம் போல வந்தது.

ஏற்றப் போகும்போது சால்கினின் தட்டில் கண் விழுந்தது. தட்டில் விலா எலும்பு.

வால் எலும்பு மூத்த சம்பந்தியம்மாவுக்கு வைக்க வேண்டிய மரியாதை என்பது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். படத்தில் அது பக்கத்திலிருந்த சின்னப் பெண்ணின் தட்டில் கொழுகொழுவென்று கிடந்தது. “வெளிச்சம் போகுது, தட்ட வைங்கடா சீக்கிரம்” என்று பரிமாறியவர்களை அன்று விரட்டியது தானேதான் என்பது கனிஷாய்க்கு நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இனி முகம் தெரிய வேண்டும், எலும்பு தெரியக் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உட்கார்ந்தாள். அந்த இரண்டு தட்டுகளை மட்டும் வெட்டி எடுத்து, கடுகளவுக்குச் சுருக்கி, இழுத்துப் பெரிதாக்கி, இருப்பதிலேயே மட்டமான தரத்தில் சேமித்து, பழைய இடத்தில் ஒட்டினாள். விலாவா வாலா என்று கறிக்கடைக்காரனே திணறுவான். நிம்மதியாக ஏற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

“முகம் நல்லா வந்திருக்கு,” என்றாள் சால்கின். “ரெண்டு தட்டுதான் கலங்கிக் கெடக்கு.”

“அது இந்தத் தளம் பண்ற வேலை, சம்பந்தியம்மா.”

“அந்த ரெண்டு தட்டு மேல மட்டும் தளத்துக்கு என்ன பகை? என் மூஞ்சிய தெனம் கண்ணாடியில பாக்குறேன் கனிஷாய், அதுக்கா பொண்ணைப் பிடிச்சு வச்சேன்? கறித்துண்டுக்கு வாயத் தொறந்தா கறிக்கு அலையுறவன்னு பேசுவீங்க. படம் தெளிஞ்சா நீங்களே பாத்துட்டு வருவீங்கன்னு நெனச்சேன். நீ பாத்துட்டு அழிச்சிருக்க.”

கனிஷாயின் முகத்தில் ஈயாடவில்லை. பள்ளியில் காப்பியடித்துப் பிடிபட்ட எத்தனையோ பிள்ளைகளின் முகம் அவளுக்கு அப்போது புரிந்தது. “தப்புதான், சம்பந்தியம்மா. அன்னிக்கு அவங்கள அவசரப்படுத்தினதும் நான், இன்னிக்கு மறைச்சதும் நான்,” என்றாள்.

“வர்றப்போ நல்ல வாலுள்ள ஆடா பாத்துக் கொண்டு வாங்க,” என்றாள் சால்கின்.

அக்காளும் தம்பியும் காரின் பின்னால் ஆட்டை ஏற்றிக்கொண்டு தலாஸ் போனார்கள். அங்கேயே அறுத்து, வேகவைத்து, வால் எலும்பைக் கனிஷாயே இரண்டு கையாலும் சால்கினின் முன் வைத்தாள். பழக்கதோஷத்தில் கை கேமராவுக்குப் போனது.

“அத உள்ள வைம்மா. முதல்ல நான் சாப்பிடறேன்,” என்றாள் சால்கின்.

சால்கின் எலும்பை நிதானமாகச் சுத்தம் செய்து, கையைத் துடைத்து, கதவுப் பக்கம் திரும்பினாள்.

“அய்சிரெக், பைய எடுத்துக்க. உன் வீட்டுக்காரன் முட்டை தின்னே மெலிஞ்சு போயிருக்கான்.”