மன்னன் மகளின் கால்விரல்கள்

ஞானசுந்தரம் ஊரில் பதினொரு வருடங்கள் ஓர் ஆஸ்பத்திரியின் பிரேத அறையில் வேலை செய்தவர். பாரிசில், லா சப்பல் பகுதித் தமிழரில் யாருக்கும் அது தெரியாது. "ஆஸ்பத்திரியிலை வேலை" என்று மட்டும் சொல்வார். கேட்டவர்கள் மருந்து கலப்பவராக இருந்திருப்பார், கிளாக்கராக இருந்திருப்பார் என்று தாங்களே எண்ணிக்கொண்டார்கள். அவர் திருத்தவில்லை. ரூ பஜோல் தெருவில் ஐந்தாம் மாடியில் நான்கு பேருடன் ஒரே அறை, ஒரே சோற்றுப் பானை. டொக்டர் வெட்டிப் பார்த்த பிணங்களைத் திரும்பத் தைத்த கை அந்தப் பானைக்குள் போகிறது என்று தெரிந்தால் அறையில் என்ன நடக்கும் என்பதை அவர் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

பாரிசில் அவருக்குக் கிடைத்தது வீடு மாற்றிக் கொடுக்கும் கொம்பனியில் சுமை தூக்கும் வேலை. வயது நாற்பத்து மூன்று, ஒல்லியான உடம்பு. ஆனால் சுழல் படிக்கட்டில் கண்ணாடி அலுமாரியை ஒரு கீறல் இல்லாமல் இறக்குவார். 1986 ஒக்டோபரில் ஒரு காலை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, எகிப்திய அரச குடும்பத்தின் மூன்று பதப்படுத்திய உடல்களைப் பழைய மியூசியத்திலிருந்து புதியதற்குக் கொண்டுபோக வேண்டும், யார் வருகிறீர்கள் என்று கேட்டார். இரண்டு போர்த்துக்கீசர்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பின்னால் போனார்கள். ஞானசுந்தரம் கையை உயர்த்தினார். அவரோடு ஒரே அறையில் குடியிருந்த யோன் அவரைப் பார்த்து, "அண்ணை போறாரெண்டால் நானும் வாறன்" என்றான்.

பழைய மியூசியம் ஒரு செல்வந்தர் விட்டுப்போன வீடு. யன்னல்கள் வருடக்கணக்காகத் திறக்கப்படவில்லை. சுவரில் ஈரம் ஏறியிருந்தது. முதல் மாடிக் கூடத்தில் மூன்று கண்ணாடிப் பேழைகள் வரிசையாக இருந்தன. அங்கே மர்கரீத் என்ற பாண்டிச்சேரி அம்மாள் இருபத்திரண்டு வருடமாக அலுவலகத்தில் வேலை பார்த்துவந்தார். தூக்க வந்தவர்கள் தமிழர்கள் என்றதும் மியூசிய இயக்குநர் மொழிபெயர்க்க அவரை அனுப்பியிருந்தார்.

"இவங்க மூணு பேரும் ஒரே குடும்பம் தம்பி" என்றார் மர்கரீத். "இது ராஜா. அது அவரோட அம்மா. கடைசியில இருக்கிறது மகள். ஒரே கல்லறையில கெடைச்சாங்கன்னு பழைய ரெஜிஸ்தர்ல எழுதியிருக்கு. பிரிக்காம ஒரே கமியோன் வண்டியில கொண்டுபோகணும்னு தைரெக்தர் சொல்றார்."

ராஜாவையும் தாயையும் தூக்கும்போது சாம்பிராணி போல ஒரு பிசின் வாசம் எழுந்தது. இரண்டு பேரும் விறகுக் கட்டுப்போல இறுகி இருந்தார்கள். பஞ்சு மெத்தை வைத்த மரப்பெட்டிகளில் அவர்களை இறக்கினார்கள். மூன்றாவது பேழையைத் திறந்தபோது பிசின் வாசம் வரவில்லை. எந்த வாசமும் வரவில்லை.

ஞானசுந்தரம் கால்மாட்டில் நின்றார். சுற்றியிருந்த துணி அங்கே உக்கிப்போய்ப் பாதங்கள் வெளியே தெரிந்தன. தூக்கும் பலகையை உடலுக்கு அடியில் தள்ளக் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கி, பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்திருந்தது. ஒடுங்கிய சப்பாத்தை வருடக்கணக்காகப் போட்டு நடந்த கால். ராஜாவின் தாய்க்கு விரல்கள் விசிறிபோல விரிந்திருந்ததைச் சற்று முன்னர்தான் பார்த்திருந்தார்.

தூக்கியபோது மார்பிலிருந்த துணி ஒரு விரற்கடை விலகியது. நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓடியது. ஊசி ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து வெளியே வந்து, நூல் சரிவாக ஏறியிருந்தது. அப்படித் தைப்பது ஏன் என்று அவருக்குத் தெரியும். வெளியிலிருந்து குத்தினால் ஊசி மற்றக் கையில் ஏறிவிடும். அவரும் அப்படித்தான் தைப்பார். தான் எழுதி மறந்த கடிதத்தை அந்நியர் வீட்டில் கண்டதுபோல அவருக்கு உடம்பு கூசியது.

"என்ன அண்ணை, நிண்டிட்டியள்?" என்றான் யோன்.

"ஒண்டுமில்லை. தூக்கு."

பெட்டிகளோடு ஒருவர் வண்டியின் பின்னால் இருந்து, உள்சுவரில் மாட்டிய, காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரமானியின் முள் நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. ஞானசுந்தரம் ஏறினார். கதவு மூடியதும் வெளியே பகல் பதினொரு மணி என்பதே மறந்துபோயிற்று. ஒரு சின்ன மஞ்சள் விளக்கு, மூன்று பெட்டிகள், அவர். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வாகனங்கள் அடைத்துக்கொண்டன. சாரதி இயந்திரத்தை நிறுத்தினான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக்.

மூன்றாவது பெட்டியிலிருந்து வந்தது. மரம் இளகுகிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டக். நகத்தால் தட்டுவதுபோல, உள்ளேயிருந்து. முள்ளைப் பார்த்தார். அசையவில்லை. வாகனமும் அசையவில்லை. மற்ற இரண்டு பெட்டிகளும் அமைதியாக இருந்தன. எழுந்து போய் மூடியில் உள்ளங்கையை வைத்தார். சத்தம் நின்றது. கையை எடுத்தார். டக்.

பிறகு அவர் கையை எடுக்கவேயில்லை. ஊரில் பிரேத அறையில் தனியாக இருக்கும்போது அவர் செத்தவர்களோடு கதைப்பது வழக்கம். பாரிசுக்கு வந்த பிறகு அப்படிக் கதைத்ததில்லை.

"பொறு பிள்ளை" என்றார். "பயப்பிடாதை. உன்னை அந்தக் கண்ணாடிக்குள்ளை விட்டிட்டுப் போகமாட்டன்."

சொன்ன பிறகுதான், தான் என்ன வாக்குக் கொடுத்தோம் என்று விளங்கியது.

புதிய மியூசியத்தில் சுவர்ப்பூச்சு வாசம் மாறவில்லை. மூன்று புதுப் பேழைகள், மூன்று பித்தளைப் பெயர்த்தகடுகள். ராஜாவும் தாயும் தங்கள் இடத்துக்குப் போனார்கள். மூன்றாவது பெட்டியின் முன்னால் ஞானசுந்தரம் நகராமல் நின்றார்.

"அக்கா, இவவை இதுக்குள்ளை வைக்கேலாது. இவ ராசாவின்ரை மகள் இல்லை."

மர்கரீத் சிரிக்கப் பார்த்து, அவர் முகத்தைக் கண்டு நிறுத்தினார். "என்ன தம்பி சொல்றீங்க?"

"இது ஆஸ்பத்திரியிலை வெட்டித் தைச்ச உடம்பு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

யோன் பக்கத்தில் நின்றான். ஞானசுந்தரம் அவனை ஒருமுறை பார்த்தார்.

"நான் பதினொரு வருசம் தைச்சனான்" என்றார். "பிரேத அறையிலை."

இயக்குநர் கோபப்படவில்லை. இது ஒரு சுமைகாரனின் கற்பனை என்று மரியாதையாகச் சொன்னார். எகிப்தியர்களும் வயிற்றைக் கீறித்தான் பதப்படுத்தினார்கள் என்று மர்கரீத் மொழிபெயர்த்தார். ஞானசுந்தரம் பெட்டியைக் காட்டினார்.

"தையல் முடியிற இடத்தைப் பாக்கச் சொல்லுங்கோ. தொப்புளுக்கு நாலு விரற்கடை கீழை. முடிச்சு வெளியிலை தெரியாது. சொந்தக்காரர் பாப்பினம் எண்டதாலை தோலுக்குக் கீழை தள்ளி விடுவம். நூல் நுனி இடப்பக்கமா இருக்கும்."

இயக்குநர் கையுறை போட்டு, இடுக்கியால் துணியை மடிப்பு மடிப்பாக விலக்கினார். நெடுநேரம் ஆயிற்று. நான்கு விரற்கடை கீழே தையல் முடிந்தது. தோலை மெல்ல உயர்த்தினார். இடப்பக்கம் முறுக்கிய நூலின் நுனி உள்ளே மடிந்து கிடந்தது. இயக்குநர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, கூடத்தின் மறுமூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

எக்ஸ்ரே படம் டிசம்பரில் வந்தது. கடைவாய்ப் பல்லில் உலோக அடைப்பு. இருபது வயதைத் தாண்டாத பெண். அடைப்பின் வகையைப் பார்த்தால் இறந்து நூற்றிருபது, நூற்றுமுப்பது வருடம் இருக்கலாம். கேட்பாரில்லாமல் இறந்தவளை யாரோ வாங்கி, உலர்த்தி, கைகளை மார்பில் குறுக்கே மடித்து, பழைய எகிப்தியத் துணியைச் சுற்றி, அந்தச் செல்வந்தரிடம் மன்னன் மகள் என்று விற்றிருக்கிறார்கள். மடிப்பதற்காக இரண்டு முழங்கைகளையும் உடைத்ததும் படத்தில் தெரிந்தது.

இதற்குள் யோன் வாய் திறந்திருந்தான். கெட்ட எண்ணத்தில் அல்ல, அதிசயத்தில் சொன்னான். மறுநாள் பானையிலிருந்து அவருக்கு வேறொருவர் சோறு போட்டுக் கொடுத்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் தனக்கென்று ஒரு சின்னச் சட்டி வாங்கி வந்தார்.

பெப்ரவரியில் பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலிலிருந்து கலாவதி என்ற பெண் ஐந்து மாடியும் ஏறி வந்து கதவைத் தட்டினாள். புருஷன் வேலைத்தலத்தில் விழுந்து இறந்துவிட்டான். யோன் சொன்ன கதை அவள் காதுவரை போயிருந்தது. கதவைத் திறந்தவர்களைத் தாண்டி நேரே அவரிடம் வந்தாள்.

"அண்ணை, ஆஸ்பத்திரியிலை வெட்டித் தைச்சிருக்கினம். பிள்ளையள் கடைசியாய்ப் பாக்க வேணும் எண்டு அழுகுதுகள். எனக்கு ஆரும் இல்லை. நீங்கள் ஒருக்கால் வந்து..."

ஞானசுந்தரம் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு போனார். கழுவி, துடைத்து, கழுத்துவரை தையல் தெரியாமல் வேட்டி சால்வை உடுத்தி, நெற்றியில் திருநீறு இட்டார். பிள்ளைகள் வந்து தகப்பனின் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகு அந்தப் பக்கத்துத் தமிழர் வீடுகளில் சாவு நடந்தால் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். அறைக்காரர்கள் அவரோடு முன்புபோலப் பேசினார்கள். ஆனால் கொஞ்சம் தாழ்ந்த குரலில். அந்தத் தாழ்ந்த குரல் அவருக்குக் கடைசிவரை பழகவில்லை.

மியூசியத்துப் பெண்ணைப் புதைக்க நகரசபை அனுமதி மார்ச்சில் கிடைத்தது. புதைப்பதற்கு முதல் நாள் மத்தியானம் மர்கரீத் ஒரு புதிய வெள்ளைப் பருத்தித் துணி கொண்டுவந்தார். ஞானசுந்தரம் எகிப்தியத் துணியை அவிழ்த்து எடுத்துவிட்டு அவளை அதில் சுற்றினார். முழங்கைகளை நேராக்க முடியவில்லை. மடித்தபடியே விட்டார். அவிழ்க்கும்போது யாரோ மூச்சை மெல்ல வெளியே விட்டதுபோல இருந்தது என்று மர்கரீத் பிறகு சொன்னார்.

இடுகாட்டில் ஆறேழு பேர்கூட இல்லை. பலகையில் "பெயர் தெரியாத பெண்" என்று எழுதியிருந்ததைப் பார்த்து மர்கரீத்துக்குப் பொறுக்கவில்லை.

"பாவம், ஒரு பேராவது வைக்கலாமே தம்பி. மதலேன்னு வைக்கட்டுமா?"

"வேண்டாம் அக்கா" என்றார் அவர். "ஒருதரம் பொய்ப்பேர் வைச்சது போதும்."

குழி வெட்டியவன் சவளில் மண்ணை அள்ளி நீட்டி, குடும்பத்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பிரெஞ்சில் கேட்டான். இயக்குநர் நிலத்தைப் பார்த்தார். மர்கரீத் கைக்குட்டையைத் தேடினார். ஞானசுந்தரம் "ஓம்" என்று தமிழிலேயே சொல்லி முன்னே போய் மண்ணை அள்ளினார்.